பதவிப் பெயரை மறைத்து ஒரு பாடம்

நான்கு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கணினி அறிவியல் படித்த மாணவி ஒருவர் சென்ற ஆண்டு ஜூன் மாதம் பள்ளிக்கு வந்தார். "டேட்டா அனலிஸ்ட் வேலை கிடைச்சிருக்கு சார்" என்றார். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவரை அறிமுகம் செய்து, மாணவர்களைக் கைதட்டச் சொன்னேன்.

பொங்கல் விடுமுறையில் மீண்டும் வந்தார். "நாள் முழுக்க பில்லைப் பார்த்து எக்செல்ல டைப் பண்றேன் சார். வேற கம்பெனி இன்டர்வியூல 'என்ன அனலைஸ் பண்ணீங்க?'ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியல" என்றார். தரவு உள்ளீடு செய்வது இழிவான வேலையன்று. அதற்கு வேறு பெயர் சூட்டியது நிறுவனத்தின் பிழை. என்ன வேலை என்று கேட்காமலே கைதட்டச் சொன்னது என் பிழை.

பதவிப் பெயர்கள் நிலையானவை அல்ல. 'கம்ப்யூட்டர்' என்பதே ஒரு காலத்தில் கணக்கிடும் மனிதரின் பதவிப் பெயர்தான். நம் நாட்டில் மருத்துவராகவோ வழக்குரைஞராகவோ தொழில் செய்யப் பதிவு வேண்டும். சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்ள அப்படிப் பதிவு எதுவும் தேவையில்லை. நிறுவனம் வைத்ததே பெயர். பெயரால் பயனே இல்லை என்பதல்ல. 'டெஸ்டர்' என்றால் மென்பொருளில் பிழை தேடுபவர் என்று புரிகிறது. பெயரும் வேலையும் பொருந்துகின்றனவா என்பதே கேள்வி.

இதை வகுப்பில் ஒரு செயல்பாடாக்கினேன். ஐந்து வேலை விளம்பரங்களை அச்செடுத்து, பதவிப் பெயர்மீது மட்டும் தாள் ஒட்டினேன். மாணவர்கள் குழுவாகப் படித்து மூன்று வினாக்களுக்கு விடை எழுதினர்:

1. நாள்தோறும் செய்யும் வேலை என்ன?
2. அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?
3. ஓராண்டு கழித்து, 'இது நான் செய்தது' என்று எதைக் காட்ட முடியும்?

பிறகு அவர்களே பெயர் வைத்தனர். ஒரு குழு 'விற்பனையாளர்' என்று எழுதியது. தாளை உரித்தால் 'பிசினஸ் டெவலப்மென்ட் எக்ஸிகியூட்டிவ்'! வகுப்பே சிரித்தது. "விளம்பரத்துல சொல்லாததை இன்டர்வியூல நாம கேட்கலாமா சார்?" என்றான் ஒரு மாணவன். கேட்கத்தான் வேண்டும் என்றேன்.

அந்த மாணவியின் தன்விவரக் குறிப்பையும் சேர்ந்து திருத்தினோம். நிறுவனம் தந்த பெயரை மாற்றவில்லை. அதன்கீழ் செய்த வேலையை உள்ளபடி எழுதினார். இப்போது மாலையில் பைத்தான் கற்கிறார்.

இப்போதும் வேலை கிடைத்த செய்தியோடு பழைய மாணவர்கள் வருகிறார்கள். கைதட்டுவதற்கு முன், "அங்கே என்ன வேலை செய்யப்போறே?" என்று கேட்டுவிடுகிறேன்.