உருமாறும் ரோபோவும் அதன் பொல்லாத வித்தைகளும்

கையடக்கமான ஒரு பொம்மை லாரி. அதன் முன்பகுதியை மடக்குகிறீர்கள், அது மார்பாகிறது. பின்பகுதியை நீட்டுகிறீர்கள், அது கால்களாகிறது. உள்ளே ஒளிந்திருந்த தலையை மேலே இழுத்தால் லாரி போய் ஓர் எந்திர மனிதன் நிற்கிறான். இத்தகைய பொம்மைகளைச் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களுள் சிறுவர்களும் உண்டு, நரைத்த தலையினரும் உண்டு.

ஆனால், இவர்களில் யாரைக் கேட்டாலும் ஒரு குறையும் சொல்வார்கள். "பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்த வித்தைதான் முதலில் கெட்டுப் போயிற்று!" தானே எழுந்து நிற்க வேண்டிய ரோபோ குப்புற விழுகிறது. பாய வேண்டிய ஏவுகணை காலடியிலேயே பொத்தென்று விழுகிறது. தூக்கிய கை தானாகத் தாழ்கிறது. இவை ஏன் நிகழ்கின்றன? விடையைத் தேடி எங்கும் போக வேண்டாம். உங்கள் இயற்பியல், வேதியியல் பாடப் புத்தகங்களிலேயே அது இருக்கிறது.

பிறந்த கதை

இப்பொம்மைகளின் தாயகம் ஜப்பான். அங்கே தகாரா என்னும் நிறுவனம் 1980ஆம் ஆண்டில் 'டயாக்ளோன்' என்ற வரிசையை வெளியிட்டது. கார்களும் லாரிகளும் ரோபோக்களாக மாறும் பொம்மைகள் அதில் இடம்பெற்றன. 1983இல் அதே நிறுவனத்தின் 'மைக்ரோ சேஞ்ச்' வரிசையில் ஒலிப்பதிவுக் கருவி, துப்பாக்கி போன்ற அன்றாடப் பொருள்கள் ரோபோக்களாக மாறின. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இவ்விரு வரிசைகளிலிருந்தும் பொம்மைகளைப் பெற்று, 1984இல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்ற பெயரில் விற்றது. படக்கதைகளும் தொலைக்காட்சித் தொடரும் உடன் வந்தன. பொம்மைகள் உலகைச் சுற்றின.

ஒரே பொருள், இரண்டு வேலை

இத்தகைய பொம்மையை வடிவமைப்பவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அது பார்வைக்கு நல்ல காராக இருக்க வேண்டும். நல்ல ரோபோவாகவும் இருக்க வேண்டும். எளிதாக மாறவும் வேண்டும். மூன்றையும் ஒருசேர நிறைவேற்றுவது கடினம். காரின் கூரையும் கதவும் ரோபோவானதும் மறைந்தா போய்விடும்? அவற்றை முதுகிலோ கையிலோ சுமந்துதான் ஆக வேண்டும். அவற்றை உள்ளே மடக்கி மறைக்கலாம். ஆனால் மடிப்புகள் பெருகினால் மாற்றுவது கடினமாகிவிடும்.

இந்த நெருக்கடியில் நான்காவதாக ஒரு கோரிக்கையும் வந்து சேருகிறது: "கடையில் பார்த்ததும் குழந்தை வியக்கும்படி ஒரு வித்தை வேண்டும்!" வித்தை என்றால் உள்ளே சுருள்வில் வேண்டும், பற்சக்கரம் வேண்டும், அல்லது மின்கலமும் மோட்டாரும் வேண்டும். இவை எல்லாம் இடத்தைப் பிடிப்பவை. மார்புக்குள் மோட்டார் குடியேறினால் தோள் மூட்டுக்கு இடம் எங்கே? ஒரு வசதியைப் பெற இன்னொன்றை இழக்க வேண்டியிருக்கிறது. பொறியியலில் எல்லா வடிவமைப்பாளர்களும் சந்திக்கும் சிக்கல் இது.

1990இல் வெளிவந்த 'ஆக்‌ஷன் மாஸ்டர்ஸ்' என்ற வரிசை இதற்கு ஒரு வேடிக்கையான சான்று. இவ்வரிசை ரோபோக்கள் உருமாறவே மாறா! உருமாற்றத்தைக் கைவிட்டதால் கை கால்களைப் பல நிலைகளில் அமைக்க முடிந்தது. ஆனால் உருமாறாத ரோபோ யாருக்கு வேண்டும் என்று பலர் கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்!

தானே எழும் ரோபோ ஏன் விழுகிறது?

1985இல் 'ஜம்ப்ஸ்டார்ட்டர்ஸ்' என்ற இரண்டு பொம்மைகள் வந்தன. ட்வின் ட்விஸ்ட், டாப்ஸ்பின் என்பவை அவற்றின் பெயர்கள். வண்டியைத் தரையில் அழுத்திப் பின்னோக்கி இழுத்துவிட வேண்டும். அது முன்னே ஓடி, திடீரென்று துள்ளி எழுந்து, ரோபோவாக நிற்க வேண்டும். நிற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பல வேளைகளில் அது விழுந்தது.

பின்னோக்கி இழுக்கும்போது உங்கள் கை செய்யும் வேலை உள்ளே இருக்கும் சுருள்வில்லில் நிலை ஆற்றலாகச் சேர்கிறது. விட்டதும் அது இயக்க ஆற்றலாக மாறுகிறது. எழுந்த பின் ரோபோ நிற்க வேண்டுமானால், அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே வரையும் செங்குத்துக் கோடு இரு பாதங்களும் அடைத்த பரப்புக்குள் விழ வேண்டும். இது நீங்கள் படித்ததே. ஆனால் இது அசையாமல் இருக்கும் பொருளுக்கான விதி. நம் ரோபோவோ சுழன்று எழுகிறது. நேராக நிமிர்ந்த கணத்திலும் அதனிடம் சுழற்சி இயக்கம் மிச்சமிருக்கிறது. அந்த இயக்கம் ஈர்ப்பு மையத்தைப் பாதங்களுக்கு அப்பால் தள்ளிவிட்டால் ரோபோ விழும். இதைத் தடுக்கப் பாதங்கள் பெரிதாக இருக்க வேண்டும், அல்லது ஆற்றல் சரியான அளவில் இருக்க வேண்டும்.

ஆற்றலின் அளவை யார் முடிவு செய்வது? நீங்கள் எவ்வளவு தூரம் இழுத்தீர்கள் என்பதும், தரை எவ்வளவு வழுவழுப்பானது என்பதும் முடிவு செய்கின்றன. வழுக்கும் தரையில் சக்கரம் பற்றாமல் சறுக்கும். வில் முழுமையாக முறுக்கேறாது. தொழிற்சாலை மேசையில் ஒழுங்காக நின்ற ரோபோ உங்கள் வீட்டுத் தரையில் விழுவது இதனால்தான்.

தாழும் கை: ஒரு சிறு கணக்கு

ரோபோவின் கையை முன்னே நீட்டி நிறுத்துகிறீர்கள். அதைத் தாங்குவது எது? தோள் மூட்டிலுள்ள உராய்வு. கையின் எடை 20 கிராம் என்றும், அதன் ஈர்ப்பு மையம் தோளிலிருந்து 4 செ.மீ. தொலைவில் உள்ளது என்றும் கொள்வோம். திருப்புத்திறன் 20 × 4 = 80 கிராம்-செ.மீ. இனி, 8 செ.மீ. தொலைவில் இருக்கும் உள்ளங்கையில் 10 கிராம் துப்பாக்கி ஒன்றைக் கொடுங்கள். அதன் திருப்புத்திறன் 10 × 8 = 80. துப்பாக்கியின் எடை கையின் எடையில் பாதிதான். ஆனால் சுமை இரு மடங்காகி 160 ஆகிவிட்டது!

மூட்டு புதிதாக இருந்தபோது 200 கிராம்-செ.மீ. வரை தாங்கியது என்று வைத்துக்கொள்வோம். நூறு முறை மடக்கி நீட்டியதில் உள்ளே பிளாஸ்டிக் தேய்ந்தது. இப்போது 150தான் தாங்கும். துப்பாக்கியுடன் நீட்டிய கை மெல்லத் தாழ்கிறது.

1996இல் தொடங்கிய 'பீஸ்ட் வார்ஸ்' வரிசையில் பந்துக் கிண்ண மூட்டுகள் ஏராளமாக வந்தன. நம் தோளிலும் இடுப்பிலும் உள்ளவை போன்றவை இவை. எல்லாத் திசைகளிலும் திரும்பும். ஆனால் இவற்றையும் உராய்வே தாங்குவதால் நாளடைவில் தளர்கின்றன. இதற்கு மாற்று ராட்செட் மூட்டு. பற்களில் சிக்கிச் சிக்கி 'கடக் கடக்' என்று நகரும் இம்மூட்டு பாரத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரு சுற்றுக்கு 12 பற்கள் இருந்தால் 30 பாகைக்கு ஒருமுறைதான் நிற்கும். இடைப்பட்ட கோணம் கேட்டால் கிடைக்காது. இங்கும் ஒன்றைப் பெற்றால் இன்னொன்று போகிறது!

பாயாத ஏவுகணை

இந்தக் குறையை மட்டும் நாம் கோபிக்காமல் கேட்க வேண்டும். ஏனென்றால் இதன் பின்னால் ஓர் உயிரின் கதை இருக்கிறது. அமெரிக்காவில் விண்கலப் பொம்மை ஒன்றிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்துபோனான். 1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பொம்மைகள் திரும்பப் பெறப்பட்டன. அதன்பின் பொம்மைத் தொழில் முழுவதும் எச்சரிக்கை அடைந்தது. 1980இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடைமுறைக்கு வந்தது. 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளை. அதன் சாய்வான அடிப்பகுதி 25.4 மி.மீ. முதல் 57.1 மி.மீ. வரை ஆழமுடையது. ஒரு சின்னக் குழந்தையின் தொண்டையை மனத்தில் கொண்டு வகுத்த அளவு இது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மையின் எந்தத் துண்டும் இவ்வுருளைக்குள் முழுவதும் அடங்கிவிடக் கூடாது.

ஜப்பானில் நன்றாகப் பாய்ந்த ஏவுகணைகள் 1984இல் அமெரிக்கப் பொம்மைகளில் பாயாதபடி வில்கள் வலுவிழக்கச் செய்யப்பட்டன. பிற்காலத்தில் ஏவுகணைகளே நீளமாக்கப்பட்டன. வில்லைப் பாதி தூரமே அழுத்தினால் அதில் சேரும் ஆற்றல் கால் பங்காகிறது என்பதை நினைவு கொள்ளுங்கள். பாயும் வேகமும் பாதியாகிறது. பெரிய பையனுக்கு ஏமாற்றம் தரும் அந்த ஏவுகணை, அவன் வீட்டுச் சின்னத் தம்பிக்குப் பாதுகாப்பு.

பூட்டும் சாவியும்

1988இல் வந்த 'பவர்மாஸ்டர்ஸ்' வரிசையின் வித்தை வேறு வகை. வண்டியின் எஞ்சினாக மாறும் குட்டி மனிதன் ஒருவன் உண்டு. அவனை உரிய இடத்தில் பொருத்தினால்தான் உள்ளே இருக்கும் பூட்டுத் திறந்து வண்டி ரோபோவாகும். அருமையான எண்ணம்! ஆனால் கட்டைவிரல் அளவுள்ள அந்த மனிதன் தொலைந்துபோனால்? பெரிய பொம்மை பூட்டிய வீடாகிவிடும். 2002இல் வந்த 'ஆர்மடா' வரிசையிலும் சிறு ரோபோக்களைச் செருகினால் பெரிய ரோபோவின் வித்தைகள் வெளிப்பட்டன. ஓர் எந்திரம் முழுவதும் ஒரே சிறு உறுப்பை நம்பியிருந்தால் அவ்வுறுப்பே அதன் பலவீனம்.

2007இல் திரைப்படத்தையொட்டி வந்த பொம்மைகளில் 'ஆட்டோமார்ஃப்' என்ற முறை புகுந்தது. ஓர் உறுப்பைத் திருப்பினால் பற்சக்கரங்களாலும் நெம்புகோல்களாலும் பிற உறுப்புகள் தாமே நகரும். 2021இல் ரோபோசென் நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் வெளியிட்ட ரோபோவோ, குரல் கேட்டதும் தானே உருமாறியது. அதற்குள் 27 சர்வோ மோட்டார்கள், 60 நுண்சில்லுகள், 5000 பாகங்கள். விலை ஏறத்தாழ 700 டாலர்! நம் விரல்கள் அரை நிமிடத்தில் செய்யும் வேலைக்கு எத்தனை உறுப்புகள் வேண்டியிருக்கின்றன, பாருங்கள்.

காலம் செய்யும் வேலை

அலமாரியில் வைத்தே இருந்தாலும் பொம்மை மாறுகிறது. இவை பெரும்பாலும் ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. வெயிலிலுள்ள புறஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அதைத் தாக்குகின்றன. வெண்மை மஞ்சளாகிறது. 1985இல் வந்த 'ஜெட்ஃபயர்' என்ற வெள்ளை விமான ரோபோவில் இந்த மஞ்சள் மிகப் பெயர்பெற்றது. தங்க நிறத் துகள் கலந்த பிளாஸ்டிக்கின் நிலை இன்னும் மோசம். 1980களின் பிற்பகுதி முதல் வந்த சில பொம்மைகளில் அது பிஸ்கட்டைப் போல் நொறுங்குகிறது. பெட்டியைத் திறக்காமல் பாதுகாத்தவர்களின் பொம்மைகளும் தப்பவில்லை!

மின்கலத்தை உள்ளேயே விட்டுவிட்டால் அது கசிந்து உலோகத் தகடுகளை அரித்துவிடும். வில்லை எப்போதும் அழுத்தியே வைத்திருந்தால், அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கொக்கி மெல்ல வளைந்து பிடிப்பை இழக்கும். ஆகவே சேகரிப்பவர்கள் நான்கு விதிகளைக் கடைப்பிடிக்கலாம்: வெயில் படாத இடம், மின்கலத்தை எடுத்துவிடல், வில்லைத் தளர்ந்த நிலையில் வைத்தல், மாறாத மூட்டை வலிந்து முறுக்காமல் குறிப்பேட்டைப் பார்த்தல்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் சேகரிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். வித்தை கெட்ட பின்னும் மூட்டுகள் இருக்கின்றன. மார்பு எப்படி எஞ்சினானது, கால் எப்படிக் கதவுக்குள் நுழைந்தது என்று விரல்களால் தேடிக் கண்டுபிடிக்கும் இன்பம் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் மாறும் பொம்மையில் அது கிடைக்காது.

செய்து பாருங்கள்

1. ஒரே அளவுள்ள இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தடித்த புத்தகத்தைச் சுற்றி மாட்டி வெயில் படும் சன்னலில் வையுங்கள். மற்றதைப் பெட்டிக்குள் வையுங்கள். மூன்று வாரம் கழித்து இரண்டின் நீளத்தையும் இழுவிசையையும் ஒப்பிடுங்கள்.

2. பழைய பந்துமுனைப் பேனாவின் வில்லைக் கொண்டு, மேசை மேல் ஒரு சிறு காகித உருண்டையைத் தள்ளுங்கள். வில்லைப் பாதியும் முழுமையும் அழுத்தி, உருண்டை செல்லும் தூரங்களை அளந்து எழுதுங்கள். ஆள் இருக்கும் பக்கம் குறி வைக்க வேண்டாம்.

3. மேலே கண்ட கணக்கில், 150 கிராம்-செ.மீ. மட்டுமே தாங்கும் தோளை வைத்துக்கொண்டு துப்பாக்கியுடன் கையை உயர்த்தி நிறுத்த வழி உண்டா? கையைக் கிடைமட்டமாக நீட்டாமல் 60 பாகை மேல்நோக்கிச் சாய்த்தால் திருப்புத்திறன் என்ன ஆகும்? கோசைன் அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடுங்கள். விடை 80 என்று வந்தால், உங்கள் ரோபோவின் கை தாழாது.