விஜயமங்கலம்: நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஜைனப் பேரூர்

கொங்கு நாட்டில் ஜைன அறம் தழைத்தோங்கிய ஊர்கள் பல. அவற்றுள் தலையாயது விஜயமங்கலம். சேலத்திலிருந்து கொச்சி செல்லும் நெடுஞ்சாலையில் நம்முள் பலர் இவ்வூரைக் கடந்து சென்றிருப்போம். சுங்கச்சாவடியின் பெயர்ப்பலகையில் படித்ததோடு பயணத்தைத் தொடர்ந்தும் இருப்போம். அச்சிற்றூரின் வரலாற்றையும் அமைப்பையும் நம் இல்லத்தார் அறிய வேண்டும் என்னும் விருப்பத்தால் இக்கட்டுரையை வரைகின்றோம்.

அமைவிடம்

விஜயமங்கலம் ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தைச் சேர்ந்தது. பெருந்துறைக்கும் செங்கப்பள்ளிக்கும் இடையில் உள்ளது. முன்னர் 47 என எண்ணிடப்பட்டிருந்த தேசிய நெடுஞ்சாலை, இன்று 544 என்னும் எண்ணுடன் இவ்வழியே செல்கின்றது. ஊருக்குத் தெற்கே ஈரோடு - கோயம்புத்தூர் இருப்புப் பாதையும், விஜயமங்கலம் என்னும் பெயரிலேயே ஒரு நிலையமும் உள்ளன. சென்னையிலிருந்து போத்தனூர் வரை 1862ஆம் ஆண்டில் அமைந்த பாதை அது.

வடக்கே பவானி, தெற்கே நொய்யல் என்னும் இரு ஆறுகளுக்கும் நடுவிலுள்ள மேட்டு நிலம் இது. மழையையும் கிணற்றையும் நம்பிய புன்செய்களே மிகுதி. ஆற்றுவளம் இல்லாத இந்நிலத்தில் பேரூர் ஒன்று எழுந்தது ஏன்? வழியே அதற்குக் காரணமாகும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஓர் அகன்ற திறப்பு. சோழ நாட்டிலிருந்தும் கருவூரிலிருந்தும் மேலைக் கடற்கரைக்குச் சென்ற வணிகர் கொங்கு நாட்டின் ஊடாகவே அதை அடைந்தனர். கோவைக்கு அருகிலுள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இவ்வழிகளின் பழமைக்குச் சான்று. பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனப் புகழப்பெற்ற கொடுமணல், நொய்யலின் வடகரையில் உள்ளது. அங்கு நடந்த அகழாய்வுகளில் இரும்புத் தொழிலின் தடயங்களும், மணிகளும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. வணிகர் சென்ற வழிகளில் அறவோரும் சென்றனர். வணிகர் ஈந்த பொருளால் பள்ளிகள் எழுந்தன.

பழம்பெயர்

இவ்வூர் விசயமங்கை, விசயபுரி எனவும் வழங்கியது. குறும்பு நாட்டில் அடங்கியது. சோழ நாட்டில் தேவாரத் தலமாக விளங்கும் விசயமங்கை வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது.

சந்திரப்பிரப ஜினாலயம்

ஊரை அடுத்த மேட்டுப்புதூர்ப் பகுதியில் எட்டாம் தீர்த்தங்கரரான பகவான் சந்திரப்பிரபருக்கு ஆலயம் உள்ளது. பிறைமதி அவர்தம் இலாஞ்சனம் என்பது நம் சிறுவரும் அறிந்ததே. ஆலயத்தின் கோபுரம் உயர்ந்து நிற்றலின், சுற்றுவட்டார மக்கள் இதனை நெட்டைக் கோபுரக் கோயில் என்றே அழைக்கின்றனர்.

இவ்வாலயத்துத் தூண் ஒன்றில் சிறியதொரு கல்வெட்டு காணப்படுகின்றது. சாமுண்டராயனின் தங்கை புள்ளப்பையின் நிசிதிகை என்பதே அதன் செய்தி. நிசிதிகை என்பது சல்லேகனை நோற்று உயிர் நீத்தவரின் நினைவுச் சின்னம். உடல் தளர்ந்து முடிவு நெருங்கியதை உணர்ந்தவர், பற்றையும் பகையையும் விடுத்து, உணவைப் படிப்படியே குறைத்து, அமைதியுடன் விடைபெறுவதே சல்லேகனை.

இச்சாமுண்டராயர் கங்க மன்னரின் அமைச்சரும் படைத்தலைவருமாகிய சாமுண்டராயரே என ஆராய்ச்சியாளர் கருதுவர். சிரவணபெளகுளத்தில் ஏறத்தாழ 57 அடி உயரமுள்ள கோமடேசுவரரைச் செய்வித்தவர் அவர். அப்பணி நிறைவுற்றது கி.பி. 981 அளவில் என்பர். தமையன் எடுப்பித்த திருவுருவை உலகம் அறியும். 2018ஆம் ஆண்டு நிகழ்ந்த மகாமஸ்தகாபிஷேகத்திற்குப் பல இலட்சம் மக்கள் திரண்டனர். தங்கையின் பெயரோ கொங்கு நாட்டுத் தூண் ஒன்றில் ஒரு வரியாக நிற்கின்றது. தமையனின் பெருமை செய்வித்ததில் விளங்குகின்றது. தங்கையின் பெருமை துறந்ததில் விளங்குகின்றது. இரண்டும் ஓர் அறத்தின் இரு முகங்களே.

தமிழுக்கு ஈந்த கொடை

உதயணன் கதையைக் கூறும் பெருங்கதையை இயற்றிய கொங்குவேளிர் விஜயமங்கலத்தவர் என்பது மரபு. அந்நூலை டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1924ஆம் ஆண்டில் பதிப்பித்தார். ஏட்டின் முதற்பகுதியும் இறுதிப்பகுதியும் கிடைக்கவில்லை. போற்றாது விட்டால் நூலும் அழியும் என்பதற்கு இதுவே சான்று. கொங்கு மண்டல சதகம் பாடிய கார்மேகக் கவிஞரும் இவ்வூரினர், ஜைனர். சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரின் ஊராகிய நிரம்பையும் குறும்பு நாட்டினதே. நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் சனகை, பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே எனக் கொங்கு மக்கள் கொள்வர்.

நம் கடமை

சீனாபுரம், திங்களூர், வெள்ளோடு, பூந்துறை ஆகிய ஊர்களிலும் ஜினாலயங்கள் உள்ளன. ஒரு காலத்தில் இவ்வூர்கள் எல்லாம் சிராவகர் நிறைந்து விளங்கியவை. இன்றோ தமிழ் ஜைனருள் பெரும்பாலோர் வட மாவட்டங்களிலேயே வாழ்கின்றோம். விழா எடுக்கவும் விளக்கேற்றவும் அருகில் ஆள் இல்லாத ஆலயத்திற்குத் தொலைவிலுள்ளோரே உறவினர் ஆவர்.

ஆதலின் கோவைக்கோ கேரளத்திற்கோ செல்லும் குடும்பத்தார், ஒரு நாழிகையேனும் ஒதுக்கி நெடுஞ்சாலையினின்று இறங்குதல் வேண்டும். சந்திரப்பிரபரை வணங்குவோம். புள்ளப்பையின் தூணைப் பிள்ளைகளுக்குக் காட்டி, சல்லேகனையின் பொருளைச் சொல்லிக் கொடுப்போம். கல்லெழுத்தின்மீது சுண்ணாம்போ வண்ணமோ எண்ணெயோ படாமற் காப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே என உணர்த்துவோம். பெருவழியால் வளர்ந்த ஊர் அது. அவ்வழியே செல்லும் நாம் அதனைக் காணாது கடத்தல் தகுமோ?

அறம் வளர்க! ஜினதருமம் ஓங்குக!