வளைவில் ஒரு கணக்கு: நீள்வட்டப் பந்தயக் கார்களின் தலைமுறைகள்

பந்தயக் கார் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம். பெரியவர்களுக்கோ, "செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வருவதில் என்ன இருக்கிறது?" என்ற எண்ணம். அதிலும் அமெரிக்காவில் நடக்கும் நீள்வட்டப் பந்தயத்தில் கார்கள் இடது பக்கம் மட்டுமே திரும்புகின்றன. இதில் என்ன திறமை என்று கேட்பவர்கள் உண்டு. ரயில்வேயில் பெர்மனென்ட் வே பிரிவில் தண்டவாள வளைவுகளோடு காலம் கழித்தவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு ஒரு கணக்கின் வழியே பதில் சொல்ல முயல்கிறேன். எட்டாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் இரண்டு சொற்கள். "திறந்த சக்கர" வண்டி என்றால், நான்கு சக்கரங்களும் மட்கார்டு மூடாமல் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இருக்கைக் கார். "நீள்வட்டப் பாதை" என்றால், நேர்ப்பகுதிகளை வளைவுகளால் இணைத்த மூடிய பாதை. வளைவுகளில் வெளிப்புறம் உயர்த்தப்பட்டிருக்கும். இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். ஒரு சுற்று இரண்டரை மைல். 200 சுற்று ஓடினால் 500 மைல்.

பாகாலா பாதையில் ஒரு பாடம்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள ஜங்ஷன் பாகாலா. காட்பாடியிலிருந்து திருப்பதி செல்லும் பாதையில் பீலேர், மதனபள்ளி ரோடு, கதிரி வழியாகத் தர்மவரம் செல்லும் பாதை பிரிவது இங்கேதான். முன்பு இவை மீட்டர்கேஜ். இப்போது அகலப் பாதை. குன்றுகளுக்கு இடையே போகும் இப்பாதைகளில் வளைவுகளுக்குக் குறைவில்லை. நம்மில் பலர் சாமி தரிசனத்துக்கு இவ்வழியே போயிருப்போம். வளைவில் பெட்டி உட்புறம் சாய்வதைக் கவனித்திருப்பீர்கள்.

அந்தச் சாய்வு தற்செயலானதல்ல. வெளித் தண்டவாளத்தை உள் தண்டவாளத்தைவிட உயர்த்தி வைக்கிறோம். இந்த உயரத்துக்கு "கேன்ட்" என்று பெயர். வளைவில் வண்டியை வெளியே தள்ளப் பார்க்கும் விசையைச் சமாளிக்க இந்தச் சாய்வு உதவுகிறது. அகலப் பாதைக்குக் கணக்கு இதுதான்: வேகத்தை (மணிக்குக் கி.மீ.) அதே வேகத்தால் பெருக்கி, 1750 ஆல் பெருக்க வேண்டும், வளைவின் ஆரத்தை (மீட்டர்) 127 ஆல் பெருக்கி, அதனால் வகுக்க வேண்டும். விடை மில்லிமீட்டரில் வரும். 437 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 60 கி.மீ. வேகத்துக்கு ஏறக்குறைய 113 மி.மீ. கேன்ட் தேவை.

ஆனால் 113 மி.மீ. முழுவதையும் வைத்துவிட முடியாது. அதே பாதையில் சரக்கு வண்டி மெதுவாக வரும். அதன் பாரமெல்லாம் உள் தண்டவாளத்தில் விழும். ஆகவே குறைத்து வைக்கிறோம். 75 மி.மீ. வைத்தால் மீதி 38 மி.மீ. கடன். இதைக் "கேன்ட் பற்றாக்குறை" என்போம். அந்தக் கடனைச் சக்கர விளிம்பும் தண்டவாளமும் சேர்ந்து அடைக்கின்றன. எவ்வளவு கடன் விடலாம் என்பதற்கு விதி உண்டு. என் காலத்தில் அகலப் பாதைக்குப் பொதுவாக 75 மி.மீ. அதற்கு மேல் போனால் வேகத்தைக் குறைத்துப் போர்டு நட வேண்டும்.

இந்தக் கடன் என்ற சொல்லை நினைவில் வையுங்கள். நீள்வட்டப் பந்தயத்தின் வரலாறு முழுவதும் இந்தக் கடனை அடைத்த வரலாறுதான்.

மாறாத சாய்வு, மாறிய வேகம்

இண்டியானாபொலிஸ் பாதை 1909 இல் திறக்கப்பட்டது. நான்கு வளைவுகள்; ஒவ்வொன்றின் ஆரமும் சுமார் 256 மீட்டர்; சாய்வு 9 டிகிரி 12 நிமிடம். நம் அகலப் பாதையில் இதே சாய்வை வைத்தால் கேன்ட் ஏறக்குறைய 280 மி.மீ. ஆகும், நம் உச்சவரம்பு 165 தான். ஆகவே இது பெரிய சாய்வு என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால், இந்தச் சாய்வு மட்டுமே தாங்கக்கூடிய வேகம் மணிக்குச் சுமார் 73 கி.மீ. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டரும் கடன்தான்.

1911 இல் நடந்த முதல் 500 மைல் பந்தயத்தில் ரே ஹாரூன் வென்றார். சராசரி வேகம் மணிக்கு 74.6 மைல், அதாவது 120 கி.மீ. மற்றவர்கள் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்துப் பின்னால் வருபவர்களைப் பார்க்கச் சொன்னார்கள். ஹாரூன் தனியே ஓட்டினார். பின்புறம் பார்க்க ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டார். அந்த வேகத்தில் வளைவு கேட்கும் விசை வண்டியின் எடையில் பாதிக்கும் குறைவு. சாய்வு கொடுத்தது போக மீதியை டயர் கொடுத்தது. தரை? முதலில் போட்ட ஜல்லியும் தாரும் 1909 லேயே பெயர்ந்து உயிர்களைப் பலிவாங்கியதால், அதே ஆண்டு 32 லட்சம் செங்கற்கள் பதித்தார்கள்.

இன்றைய கார்கள் அதே வளைவை ஏறக்குறைய 350 கி.மீ. வேகத்தில் கடக்கின்றன. வேகம் மூன்று மடங்குகூட ஆகவில்லை. ஆனால் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், எட்டரை மடங்காகிவிட்டது. வண்டியின் எடையைப் போல் ஏறக்குறைய 3.8 மடங்கு விசை தேவை. பாதையின் சாய்வு 1909 இல் இருந்ததுதான். அது கொடுப்பது எடையில் ஆறில் ஒரு பங்குதான். மீதி அத்தனையும் யார் கொடுப்பது?

கடனை அடைத்த தலைமுறைகள்

முதல் தலைமுறை டயரையும் எடையையும் நம்பியது. 1950களின் கார்களில் எஞ்சின் முன்னால். இடது பக்கமே திரும்புவதால் எஞ்சினை இடப்புறம் தள்ளி வைத்தார்கள், வளைவின் உட்புறம் பாரம் கூட. ஒரே பக்கம் திரும்பும் பந்தயம் எளிது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே திரும்புவதற்காக வண்டியையே கோணலாகக் கட்டுகிறார்கள்.

இரண்டாம் தலைமுறை எஞ்சினைப் பின்னால் கொண்டு போனது. 1961 இல் ஜாக் பிரபாம் பின் எஞ்சின் வைத்த சிறிய கூப்பர் காரில் வந்து ஒன்பதாவதாக முடித்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான்கே ஆண்டில், 1965 இல், ஜிம் கிளார்க் பின் எஞ்சின் லோட்டஸ் காரில் 150 மைல் சராசரியைத் தாண்டி வென்றார். அதற்குப் பிறகு முன் எஞ்சின் கார் அங்கே வெல்லவே இல்லை. இடையில் 1964 இல் எடி சாக்ஸ், டேவ் மெக்டொனால்ட் இருவரும் பெட்ரோல் தீயில் மாண்டார்கள். அதன் பின்னரே பெட்ரோலை விட்டு மெத்தனாலுக்கு மாறினார்கள்.

மூன்றாம் தலைமுறை காற்றைக் கூலிக்கு அமர்த்தியது. விமானத்தின் இறக்கை மேலே தூக்கும்; அதைத் தலைகீழாக மாட்டினால் கீழே அழுத்தும். அழுத்தினால் டயர் பிடிக்கும். 1971 இல் முதலிடத் தகுதிச் சுற்று வேகம் 178 மைல். பெரிய இறக்கைகளை அனுமதித்த 1972 இல் 195 மைல். ஒரே ஆண்டில் 17 மைல்! மறு ஆண்டே விலை கொடுக்க நேர்ந்தது. 1973 இல் இரு ஓட்டுநர்களும் ஒரு குழுப் பணியாளரும் உயிரிழந்தார்கள். இறக்கையையும் எரிபொருள் அளவையும் குறைத்தார்கள். பிறகு காரின் அடிப்பகுதியையே இறக்கை போல் வடிவமைத்தார்கள். 1980 இல் ஜானி ரதர்ஃபோர்ட் அப்படிப்பட்ட சாப்பரல் காரில் வென்றார். 1996 இல் ஆரி லயண்டைக் தகுதிச் சுற்றில் 236.986 மைல், அதாவது 381 கி.மீ. ஓட்டியது உச்சம். கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அதை யாரும் முறியடிக்கவில்லை. முடியாமல் அல்ல, 1997 முதல் விதிகளாலேயே வேகத்தை இறக்கிவிட்டார்கள்.

நான்காம் தலைமுறையை நான் "போர்டு நட்ட தலைமுறை" என்பேன். 2002 இல் கான்கிரீட் சுவருக்கு முன்னால் எஃகுக் குழாய்களும் ஃபோமும் கொண்ட, இடியை வாங்கிக்கொள்ளும் தடுப்பு வந்தது. 2015 இல் பொகோனோ பாதையில் உடைந்த பாகம் தலையில் பட்டு ஜஸ்டின் வில்சன் இறந்தார். 2020 முதல் ஓட்டுநரின் முன்னால் கண்ணாடிக் கவசம் கட்டாயமானது.

உடம்பும் ஒரு உறுப்பு

டயர் தாங்கலாம், இறக்கை தாங்கலாம், மனிதன் தாங்குவானா? 2001 ஏப்ரலில் டெக்சாஸ் பாதையில் இந்தக் கேள்வி வந்தது. அங்கே சாய்வு 24 டிகிரி. பயிற்சியில் வளைவில் எடையைப் போல் ஐந்து மடங்கு விசை ஏறியது, ஓட்டுநர்களுக்குத் தலைசுற்றல். பந்தயம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது ரத்து செய்தார்கள். ஜனங்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அன்று யாரும் சாகவில்லை.

சாய்வு கூடினால் கடன் குறையும், அதனால் நல்லது என்று நினைக்கத் தோன்றும். 2011 இல் லாஸ் வேகாஸ் அதற்குப் பதில் சொன்னது. அங்கே சாய்வு 20 டிகிரி வரை. கடன் அவ்வளவு குறைவாக இருந்ததால் யாருமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கத் தேவைப்படவில்லை. எல்லாரும் ஒரே வேகம், ஒரே கும்பல். ஒருவர் தவற 15 கார்கள் மோதின. டான் வெல்டன் உயிரிழந்தார். தண்டவாளத்திலும் கேன்ட் மிகுந்தால் தீங்குதான். பற்றாக்குறைக்கு வரம்பு வைப்பது போலவே மிகைக்கும் வரம்பு வைக்கிறோம்.

நம்மவர் நின்ற நாள்

நம் நாட்டுத் திறந்த சக்கரப் பந்தயம் சோழவரத்து விமான ஓடுதளத்தில் வளர்ந்தது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயும் வந்தன. இவற்றில் எதுவும் நீள்வட்டம் அல்ல. சென்னையில் பிறந்து கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று அவர் இண்டியானாபொலிஸ் சென்றார்.

ஃபார்முலா ஒன் அங்கே முழு நீள்வட்டத்தில் ஓடவில்லை. உள்ளே ஒரு வளைந்த பாதை. ஆனால் கடைசியில் நீள்வட்டத்தின் ஒரு சாய்வு வளைவை எதிர்த் திசையில் கடந்து நேர்ப்பகுதிக்கு வர வேண்டும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் அந்த வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் இடது பின் டயர் கெட்டுக் கார் சுவரில் மோதியது. சாய்வு வளைவில் பாரம் பக்கவாட்டில் மட்டுமல்ல, செங்குத்தாகவும் டயரின் பக்கச்சுவரை அமுக்கும். அந்தப் பாரத்தை மிஷலின் டயர் தாங்கவில்லை. வேகத்தைக் குறைக்காவிட்டால் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று மிஷலின் எழுதிக் கொடுத்தது.

வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கும் வளைவுத் தடை ஒன்றை அமைக்கலாம் என்று ஒன்பது அணிகள் ஒத்துக்கொண்டன, ஃபெராரி ஒத்துக்கொள்ளவில்லை. பந்தய நிர்வாகமான எஃப்.ஐ.ஏ. அதை மறுத்தது. மிஷலின் கார்கள் மட்டும் அந்த வளைவில் மெதுவாகப் போகட்டும் என்றது. பந்தயத்துக்கு முன் ஒரு சுற்று வந்து, மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறே கார்கள் ஓடின. அவற்றில் ஒன்று நரேனுடையது. அவர் நான்காவதாக முடித்து ஐந்து புள்ளி பெற்றார். ஃபார்முலா ஒன்னில் ஒரு இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை.

ஆறு பேரில் நான்காவது என்று கேலி பேசியவர்கள் உண்டு. மைதானத்தில் ஜனங்கள் கோபத்தில் பாட்டில்களை வீசினார்கள். மிஷலின் பிற்பாடு டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்தது. என் கருத்து வேறு. நரேனின் கார் கடனை அடைக்கத் தகுதியான டயரோடு வந்திருந்தது, ஓடி முடித்தார். அதில் குறையில்லை. திரும்பிப் போன 14 பேரும் கோழைகள் அல்லர். தாங்காது என்று தெரிந்த பொருளை ஓடவிடாமல் நிறுத்தியது, அன்று அங்கே நடந்த சரியான காரியங்களில் முதலானது. தவறு எங்கே என்றால், எல்லாருக்கும் பொதுவாக ஒரு வேகக் கட்டுப்பாட்டைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாததில். ரயில்வேயில் தண்டவாளம் சரியில்லை என்றால் காஷன் ஆர்டர் கொடுப்போம். வண்டி தாமதமாகிறதே என்று மேலே கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த ஆர்டர் ராஜதானிக்கும் ஒன்றுதான், சரக்கு வண்டிக்கும் ஒன்றுதான்.

நீள்வட்டம் நரேனை அத்தோடு விடவில்லை. 2010 இல் அவர் அமெரிக்காவின் நாஸ்கார் டிரக் பந்தயத்தில் மார்ட்டின்ஸ்வில் நீள்வட்டத்தில் ஓட்டினார். அது மூடிய சக்கர வண்டி. ஆனால் கணக்கு அதே கணக்குதான்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

இண்டியானாபொலிஸ் பந்தயத்தின் மிக வேகமான சராசரி 2021 இல் ஹெலியோ காஸ்ட்ரோநெவஸ் ஓட்டியது: மணிக்கு 190.690 மைல். 1911 ஐவிட இரண்டரை மடங்கு. பாதையின் சாய்வில் ஒரு டிகிரியும் கூடவில்லை. டயர், எடை, காற்று, சுவர், கவசம், விதிப்புத்தகம் ஆகிய எல்லாம் சேர்ந்து அந்தக் கடனைச் சுமக்கின்றன. எது சுமக்கிறது, எவ்வளவு சுமக்கும் என்று தெரிந்து ஓட்டுவதுதான் திறமை.

இனி நீங்களே போட்டுப் பாருங்கள். அகலப் பாதையில் 500 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு. வைத்திருக்கும் கேன்ட் 90 மி.மீ.; அனுமதித்த பற்றாக்குறை 75 மி.மீ. எஞ்சின் டிரைவர் 90 கி.மீ. வேகத்தில் போகலாமா? போகக் கூடாதென்றால், ஐந்தின் மடங்காக எந்த எண்ணைப் போர்டில் எழுதி நடுவீர்கள்?

(விடை: 90 கி.மீ. வேகத்துக்கு 223 மி.மீ. தேவை; இருப்பதும் கடனும் சேர்ந்தாலும் 165 தான். போர்டில் எழுத வேண்டியது 75.)