தம்பிக்கு, வைஃபை பார்க்கப் போகுமுன்

தம்பி, லெப்டாப் பழுது பார்க்கும் வேலையில் இறங்கப் போகிறாய் என்று கேட்டதும் மனம் நிறைந்தது. மலாக்காவில் பாயா ரும்புட்டிலிருந்து செங், சுங்கை ஊடாங் வரை எந்த வீட்டுக்குப் போனாலும் உன் காதில் முதலில் விழுவது இதுதான்: "லைன் வரவில்லை." அதற்காகச் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. முதலில் ஆளைக் கேள், பிறகு மெஷினைத் தொடு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தபோது, லைன் நின்றால் பிள்ளையின் பாடமே நின்றது. பதறிப் பேசும் தாயை இடைமறிக்காதே. எப்போது நின்றது, இடி விழுந்ததா, யாராவது கடவுச்சொல்லை மாற்றினார்களா? பாதி விடை அந்தப் பேச்சிலேயே கிடக்கும்.

2. எங்கே அறுந்தது என்று தெரியாமல் எதையும் குறை சொல்லாதே. அதே இடத்தில் நின்று கைப்பேசியை அந்த வைஃபையில் இணைத்துப் பார். கைப்பேசி ஓடினால், கோளாறு அநேகமாக லெப்டாப்பில். இரண்டும் ஓடவில்லையா, மோடம் பக்கம் போ. ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. லெப்டாப்பைக் குடையாமல், சேவை நிறுவனத்தை அழைக்கச் சொல். லெப்டாப்பின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், மோடத்திடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை. 8.8.8.8-க்குப் பிங் போய் வருகிறது, இணையதளப் பெயரைத் தட்டினால் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸைப் பார். இந்த வரிசையை விட்டுத் தாவாதே. பொறுமை இருக்கும் கைக்குத்தான் பழுது பிடிபடும்.

3. சின்னக் காரணத்தைச் சொல்லும்போது யாரையும் சிறுமைப்படுத்தாதே. பழைய லெப்டாப்புகள் சிலவற்றின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு வைஃபை சுவிட்ச் இருக்கும். ஒரு மாணவி தூசி துடைத்தபோது அது நகர்ந்துவிட்டது. அப்பா திட்டுவாரோ என்று கதவோரம் நின்றாள். "நீ எதையும் கெடுக்கவில்லை அம்மா, இதோ பார்" என்று அவள் விரலாலேயே அதைத் தள்ள வைத்தேன். அடுத்த முறை அவளே பார்த்துக்கொண்டாள். இதற்கெல்லாம் கூலி கேட்காதே.

4. வீட்டுக்குள் நடந்து பார். மோடம் முன் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கும். பிள்ளை படிப்பது பின்னறையில், நடுவே இரண்டு செங்கல் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரில் தளரும். 2.4 தூரம் போகும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் அது தடுமாறும். வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு மோடங்களும் அதிலேயே நெருக்கும். 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்ததற்கு மாற்று.

5. அழிக்குமுன் அனுமதி கேள். நெட்வொர்க் ரீசெட் செய்தால் சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் எல்லாம் போய்விடும். அது கடைசி வழி. ஃபார்மட் என்ற சொல்லை எடுக்கவே தயங்கு. மறைந்த பாட்டியின் படம் அந்த ஒரு லெப்டாப்பில் மட்டும் இருக்கலாம்.

6. வீட்டார் நம்பிச் சொன்ன கடவுச்சொல் உன்னோடு வெளியே போகக் கூடாது.

7. கிளம்புமுன் இடியைப் பற்றிச் சொல்லிக் கொடு. பழைய ஸ்ட்ரீமிக்ஸ் இணையச் சேவைக் காலத்துச் செம்புக் கம்பி வழியாகவும் மின்னல் மோடத்துக்கு வரும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. ஆனால் அடாப்டர் வழி திறந்தே இருக்கிறது. மலாக்காவில் மாலை வானம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது என்று வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் காட்டிவிட்டு வா.