தானியக் கூழும் தொடர்வாலையும்

நெல் விளையும் நாட்டில் அரிசி ஆலைகள் பெருகும். ஆலைகள் பெருகும் இடத்தில் குறுணலும் குவியும். கல்முனையிலிருந்து கிட்டங்கி வாவியைக் கடந்து மேற்கே சென்றால் வரும் சவளக்கடையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும், 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீரால் பயிர்செய்யும் நெல்வயல்களைக் கொண்டவை. இங்குச் சேரும் குறுணலைக் கூழாக்கி, நொதிக்கச் செய்து, சிறியதொரு வாலையில் இடையறாது வடித்து எரிசாராயம் ஆக்கலாகாதோ என இரசாயனம் பயிலும் மாணவர் வினவுதல் இயல்பே. வினா நன்று. அதற்கு விடை காணுமுன் வாலையின் இயல்பையும், அது கேட்கும் விலையையும் நாம் அறிதல் வேண்டும்.

எரிசாராயம் என்றதும் குடிவகையையே நினைத்தல் பொருந்தாது. மருத்துவமனைக்கும் ஆய்வுகூடத்துக்கும் அது இன்றியமையாதது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றுப் பரவியபோது கைகளைத் தூய்மை செய்ய எங்கும் அதனையே தேடினர். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். நம் அயலவரான முஸ்லிம் மக்களின் மார்க்கமும் மதுவை விலக்கியது. ஆயினும் வடிக்கும் கலை வேறு, குடிக்கும் பழக்கம் வேறு. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறபு அறிஞர் அல் கிந்தி வாசனைப் பொருள்களை வடிக்கும் முறைகளை ஒரு நூலாகவே எழுதினார். அற்ககோல் என்னும் சொல்லும் அறபு மொழியிலிருந்தே உலகெங்கும் பரவியது.

இனிக் கூழைக் கவனிப்போம். அரிசியிலுள்ள மாப்பொருளை மதுவம் நேராக உண்ணமாட்டாது. கூழைக் காய்ச்சி, முளைத்த தானியத்தில் உள்ளவை போன்ற நொதியங்களைச் சேர்த்தால் மாப்பொருள் குளுக்கோசாக மாறும். குளுக்கோசை மதுவம் எதைல் அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிக்கும். 180 கிராம் குளுக்கோசிலிருந்து 92 கிராம் அற்ககோலும் 88 கிராம் வாயுவும் பிறக்கும் என்பது சமன்பாடு தரும் கணக்கு. 100 கிலோகிராம் குறுணலில் 75 கிலோகிராம் மாப்பொருள் உண்டெனக் கொண்டால், கணக்கின்படி ஏறத்தாழ 54 லீற்றர் அற்ககோல் கிடைக்கும். நடைமுறையில் இழப்பைக் கழித்து 45 லீற்றர் எனக் கொள்ளலாம். அது 500 லீற்றர் நொதித்த கூழில் நூற்றுக்கு ஒன்பது பங்காகக் கலந்து நிற்கும்.

அற்ககோல் 78.3 பாகையிலும் நீர் 100 பாகையிலும் கொதிக்கும். நூற்றுக்கு ஒன்பது பங்குள்ள கூழைப் பானையிலிட்டுக் காய்ச்சினால் முதலில் எழும் ஆவி குளிர்ந்து ஏறத்தாழ 50 வீத வலிமையுள்ள நீர்மமாகும். நேரம் செல்லச் செல்ல அவ்வலிமை குறையும். பின்பு அடுப்பை அணைத்து, கழிவை இறக்கி, புதுக்கூழ் ஏற்றி, மீண்டும் சூடாக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பானையைச் சூடாக்கிய வெப்பம் வீணாகும்.

தொடர்வாலை இக்குறையை நீக்க எழுந்தது. உயர்ந்த நிரல் ஒன்றினுள் துளையுள்ள தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். சூடான கூழ் மேலிருந்து தட்டுத்தட்டாக இறங்கும். நீராவி கீழிருந்து ஏறும். இரண்டும் ஒவ்வொரு தட்டிலும் சந்திக்கும்போது நீராவியின் ஒரு பகுதி ஒடுங்கி, தன் வெப்பத்தால் அற்ககோலை ஆவியாக்கி மேலே அனுப்பும். ஒரு தட்டு ஒரு சிறு வாலைக்கு ஒப்பாகும். ஆதலால் உச்சியில் வலிய ஆவியும் அடியில் அற்ககோல் நீங்கிய கழிவும் இடையறாது வெளிவரும். உச்சியில் ஒடுங்கியதில் ஒரு பகுதியை மீண்டும் நிரலினுள் இறக்கினால் வலிமை மேலும் உயரும். எனினும் எடையில் 95.6 வீதத்துக்கு மேல் சாதாரண வடிப்பால் உயர்த்த இயலாது. அந்நிலையில் நீர்மமும் ஆவியும் ஒரே கலவையாகிவிடும்.

அயர்லாந்தில் மதுவரி அதிகாரியாக இருந்த ஈனியசு கோஃபி 1830ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற வாலை இம்முறையைத் தொழிலில் நிலைநிறுத்தியது. அதன் சிறப்பு சிக்கனமே. குளிர்ந்த கூழைக் கொணரும் குழாய், ஏறிவரும் ஆவியினூடே செல்லும். ஆவி குளிரும், கூழ் சூடேறும். கணக்கிட்டுப் பார்ப்போம். மணித்தியாலத்துக்கு 100 லீற்றர் கூழை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 29,000 கிலோயூல் வேண்டும். ஒரு கிலோகிராம் நீராவி ஒடுங்கும்போது 2,257 கிலோயூல் தரும். ஆகவே சூடாக்குவதற்கு மட்டும் 13 கிலோகிராம் நீராவி செலவாகும். வெளியேறும் ஆவியாலும் கழிவாலும் கூழை 80 பாகைக்கு உயர்த்தினால் அதில் ஒன்பது கிலோகிராம் மிஞ்சும். சிறிய வாலை பிழைப்பதும் கெடுவதும் இக்கணக்கிலேயே தங்கியுள்ளது.

தானியக் கூழுக்குத் தனியிடர் ஒன்றும் உண்டு. கழிவுப்பாகு தெளிந்து ஓடும். அரிசிக் கூழிலோ திப்பி மிதக்கும். நுண்டுளைத் தட்டுகளும் நிரலினுள் இடும் நிரப்பிகளும் விரைவில் அடைபடும். ஆதலால் கூழ் இறங்கும் பகுதியில் அகன்ற துளைகளும், திறந்து கழுவத்தக்க அமைப்பும் வேண்டும். இன்னும், எதைல் அற்ககோலின் ஆவி 13 பாகையிலேயே தீப்பற்றத்தக்கது. நம் பகுதியின் வெப்பமோ எந்நாளும் அதற்கு மேற்பட்டது. சிறு கசிவும் பெருந்தீயாகும்.

இப்போது வரவுசெலவை எழுதுவோம். 500 லீற்றர் கூழிலிருந்து 90 வீத வலிமையுள்ள எரிசாராயம் 50 லீற்றர் வரும். கழிவு 450 லீற்றருக்குக் குறையாது. உண்மையில் இவ்வாலை அதிகமாக ஆக்குவது கழிவையே. அதனை உலர்த்தினால் மாட்டுத் தீவனமாகும். வாய்க்காலில் விட்டால் நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன் மடியும்.

அதனினும் பெரிய கணக்கு ஒன்றுண்டு. 100 கிலோகிராம் அரிசி இலங்கையில் ஒருவர் ஏறத்தாழ ஓராண்டு உண்ணும் அளவு. அதிலிருந்து வரும் 45 லீற்றர் அற்ககோல், எரிபொருளாகக் கொள்ளும்போது, 30 லீற்றர் பெற்றோலுக்கே ஈடாகும். ஓராளின் ஓராண்டுச் சோறு சில நாட் பயணத்தில் புகையாகிவிடும். குறுணலும் வறியவர் கஞ்சியாகவும் கோழித் தீனியாகவும் பயன்படும் பொருளேயன்றிக் குப்பையன்று. இந்தியா இவ்விக்கட்டைக் கண்டது. உணவுக் கழகத்தின் மிகை அரிசியை எதனோல் ஆலைகளுக்கு வழங்க 2020இல் இசைந்த அந்நாட்டரசு, அரிசி விலை ஏறிய 2023 யூலையில் அதனை நிறுத்தி, கையிருப்புப் பெருகியபின் 2024இல் மீண்டும் இசைந்தது. வாலைக்கு ஓய்வில்லை, விளைச்சலுக்கோ ஏற்றமும் இறக்கமும் உண்டு.

ஆகவே சவளக்கடை போன்ற ஊருக்குத் தகுவது யாது? நல்ல அரிசியை வாலையில் இடுதல் தகாது. வெள்ளத்தில் நனைந்து பூஞ்சணம் பிடித்து, மனிதர்க்கும் விலங்குக்கும் ஆகாத நெல்லே அதற்குரியது. அதன் கழிவைத் தீவனமாக்குதலும் கூடாது. அத்தகைய நெல் ஆண்டு முழுவதும் கிடையாது. எனவே ஓர் ஆலைக்கு ஒரு வாலை என்பதினும், மாவட்டத்துக்குப் பொதுவான ஒன்றே பொருந்தும். கல்லோயாப் பள்ளத்தாக்கில் ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலை உள்ளது. கரும்பின் கழிவுப்பாகு உண்பார் வாயிலிருந்து சோற்றைப் பறிப்பதில்லை. எரிசாராயம் வேண்டுமாயின் முதலில் நாடத்தக்கது அதுவே.

மாணவர்க்கு ஒன்று கூறுவோம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றி வாலை வைத்திருத்தலும் வடித்தலும் குற்றமாகும். ஆயினும் கணக்கிடுதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. அருகிலுள்ள ஆலைக்குச் சென்று, ஒரு போகத்தில் எவ்வளவு நெல் கெடுகிறது, குறுணல் எவர்க்குச் செல்கிறது, என்ன விலைக்குச் செல்கிறது எனக் கேட்டெழுதுங்கள். செம்பும் இரும்பும் வாங்குமுன் அவ்வேடு நிறைதல் வேண்டும். பொறியியல் பயின்று உயர்பதவி வகிக்கும் பழைய மாணவர்கள் அவ்வேட்டை வாங்கிப் படித்து வழிகாட்டுவார்களாயின், இக்கல்லூரி தந்த கல்வி ஊருக்குப் பயன்பட்டதாகும்.