இயங்காப் பொறியும் ஆராயும் அறிவும்

உடலுக்கு நோய் வருதல் போலப் பொறிக்கும் பழுது வருவதுண்டு. நோயுற்றவன் தன் துன்பத்தை வாய்விட்டு உரைப்பான், பொறிக்கோ வாயில்லை. ஆயினும், கூர்ந்து நோக்குவார்க்கு அஃது ஓசையாலும், மணத்தாலும், நிறத்தாலும் தன் குறையைத் தெரிவித்துக்கொண்டேயிருக்கிறது. அக்குறிகளை முறையாக அறிதல் ஒரு கலை. அக்கலையினை, நாம் நாள்தோறும் காணும் மோட்டார் சைக்கிளைக் கொண்டு இப்பாடத்தில் கற்போம்.

2024 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் இரவு, 'பெஞ்சல்' என்னும் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் விரைந்து அகலாது நெடுநேரம் அங்கேயே நிலைகொண்டது. ஒரு நாட்பொழுதில் 45 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை கொட்டியது. தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. கிருஷ்ணா நகர் முதலிய இடங்களில் சூழப்பட்ட மக்களை மீட்கப் படைவீரர் வந்தனர். தெருவிலும் முற்றத்திலும் நிறுத்தப்பட்டிருந்த இருசக்கர ஊர்திகள் நீரில் மூழ்கின.

புதுச்சேரி போன்ற நகரில் மோட்டார் சைக்கிள் செல்வர் ஏறும் ஆடம்பரப் பொருள் அன்று. விடியலில் மீன் கூடையைச் சுமப்பதும் அதுவே. கொத்தனாரை வேலையிடத்திற்கு ஏற்றிச் செல்வதும் அதுவே. அஃது ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி நிற்கும். ஆதலின், நீர் வடிந்தவுடன் ஊர்தியை உடனே கிளப்பிவிட வேண்டும் என்னும் வேட்கை எவர்க்கும் எழும். அவ்வேட்கையே பெருங்கேட்டிற்கு வாயிலாகலாம். எங்ஙனம் என்பதை அறியப் பொறி இயங்கும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும்.

அடுப்பு எரிய விறகும் காற்றும் நெருப்பும் வேண்டும். மோட்டார் சைக்கிளின் பொறியும் ஓர் அடுப்பே. அதற்கு விறகு பெட்ரோல், நெருப்பு மின்பொறி. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழப் பதினைந்து பங்கு காற்றுச் சேர்தல் வேண்டும். அக்கலவை உருளைக்குள் நன்கு அமுக்கப்படுதலும் வேண்டும். அமுக்கமின்றி எரியும் கலவைக்குப் போதிய வலிமை இராது. எனவே நல்ல கலவை, தக்க அமுக்கம், உரிய காலத்து மின்பொறி என்னும் மூன்றும் ஒருங்கு கூடினால் பொறி இயங்கும். ஒன்று குறைந்தாலும் இயங்காது.

உருளையினுள் பிஸ்டன் என்னும் உறுப்பு மேலும் கீழுமாக இயங்குகிறது. முதல் வீச்சில் அது கீழிறங்கிக் கலவையை உறிஞ்சும். இரண்டாம் வீச்சில் மேலேறி அமுக்கும். அப்போது மின்பொறி தெறிக்க, கலவை எரிந்து மூன்றாம் வீச்சில் பிஸ்டனைக் கீழே உந்தும். நான்காம் வீச்சில் பிஸ்டன் மேலேறிப் புகையை வெளியேற்றும். இந்நான்கு வீச்சுப் பொறியை 1876 இல் ஜெர்மானியராகிய நிக்கோலாசு ஆட்டோ என்பார் செம்மையாக அமைத்தார். 1885 இல் டெய்ம்லர், மேபாக் என்னும் இருவர் அத்தகைய பொறியை மரச் சட்டகத்தில் பூட்டி ஈருருளி ஊர்தியை இயக்கினர். நம் நாட்டில் 1950களின் நடுப்பகுதியில் சென்னையைச் சார்ந்த திருவொற்றியூரில் என்பீல்டு ஆலை எழுந்தது. அங்கு உருவான புல்லட்டு ஊர்தி இன்றும் புதுச்சேரித் தெருக்களில் தன் தனியோசையோடு செல்வதைக் காணலாம்.

இனி, இயங்காத ஊர்தியை ஆராயும் முறையைக் காண்போம். தேர்ந்த மெக்கானிக் வந்தவுடன் திருகுளியைக் கையில் எடுப்பதில்லை, முதலில் வினவுகிறார். "ஐயா, ஓடிக்கொண்டிருக்கையில் நின்றதா, நிறுத்திய பின் கிளம்பவில்லையா? மழையில் நனைந்ததா? அண்மையில் எவரேனும் எதையேனும் கழற்றினரா?" இவ்வினாக்களின் விடைகளே பாதி வழியைக் காட்டிவிடும்.

அடுத்து, எளியவற்றை நோக்குதல் வேண்டும். தொட்டியில் பெட்ரோல் உண்டா? அதன் குழாய் திறந்துள்ளதா? கைப்பிடியில் உள்ள நிறுத்து சுவிட்சு அணைந்த நிலையில் உள்ளதா? ஊர்தி நியூட்ரலில் நிற்கிறதா? பக்கத் தாங்கி கீழே இருப்பின் சில புதிய ஊர்திகள் கிளம்பா. இவற்றை நோக்க ஒரு மணித்துளி போதும். நோக்காது விட்டால் குற்றமற்ற உறுப்புகளைக் கழற்றி ஒரு பகலை வீணாக்க நேரிடும்.

இவை செவ்வனே இருப்பின் பேட்டரியை ஆராய்க. பொத்தானை அழுத்தும்போது 'டக்' என்னும் ஓசை மட்டும் எழுந்து, விளக்கும் மங்கி, ஹாரனும் ஈனக் குரல் எழுப்பினால் பேட்டரி வலுவிழந்தது என்றோ, அதன் இணைப்பு தளர்ந்தது என்றோ கொள்ளலாம். புதுச்சேரி கடலோர ஊராதலின் உப்புக் காற்று செம்புக் கம்பிகளில் பச்சைக் களிம்பை ஏற்றும். அக்களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும். அதனைத் துடைத்து இணைப்பை இறுக்கிய அளவில் உயிர்பெற்ற ஊர்திகள் பல.

பொறி நன்கு சுழன்றும் பற்றாதாயின், பிளக்கைக் கழற்றி நோக்குக. மருத்துவன் நாவைப் பார்த்து நோயறிவது போல, பிளக்கின் முனையைப் பார்த்துப் பழுதை அறியலாம். முனை உலர்ந்திருப்பின் பெட்ரோல் வந்து சேரவில்லை; தொட்டி மூடியின் காற்றுத் துளையும் குழாயும் கார்புரேட்டரும் அடைபட்டனவா எனப் பார்க்க வேண்டும். பெட்ரோலால் நனைந்திருப்பின் பெட்ரோல் வருகிறது. மின்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் மிகுந்துவிட்டது. கரி படிந்திருப்பின் காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருப்பின் உருளையின் உட்பகுதி தேய்ந்திருக்கக்கூடும்.

மின்பொறி உண்டா என அறிய, பிளக்கை அதன் தொப்பியில் செருகி, அதன் உலோக உடலைப் பொறியின் உலோகத்தோடு பொருத்திப் பொறியைச் சுழற்றுவர். நீல நிறப் பொறி பளிச்செனத் தெறித்தால் நலம். தெறிக்காவிடின் பிளக்கு, காயில், கம்பிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வர். பேட்டரியின் 12 வோல்ட்டு, காயிலின் வழியே பல்லாயிரம் வோல்ட்டாக உயர்கிறது. சிந்திய பெட்ரோலுக்கும் பிளக்குத் துளைக்கும் அருகில் இச்சோதனை செய்தல் ஆகாது, ஆவி பற்றிக்கொள்ளும். மாணவர்கள் தேர்ந்தார் ஒருவர் உடனிருக்கையிலேயே இதனைக் காண்க.

பெட்ரோலும் மின்பொறியும் உளவாகியும் பொறி வாளாவிருந்தால் அமுக்கம் குறைந்தது எனலாம். கிக்கரை மிதிக்கையில் எதிர்ப்பின்றித் தளர்ந்து இறங்குதலே இதன் குறி. 2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய ஊர்திகளில் பெரும்பாலும் கார்புரேட்டருக்கு ஈடாக, மின்னணுக் கருவி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு வந்துள்ளது. சாவியைத் திருப்பியவுடன் பெட்ரோல் பம்பு சில நொடிகள் மெல்லென முரலுதல் அங்கே கேட்கத்தக்க முதல் ஓசையாகும். கருவிகள் மாறின, ஆராயும் வரிசை மாறவில்லை.

இப்போது வெள்ளத்தில் மூழ்கிய ஊர்திக்கு வருவோம். காற்றை அமுக்கலாம், நீரை அங்ஙனம் அமுக்க இயலாது. உருளைக்குள் நீர் புகுந்திருக்கையில் பொத்தானை அழுத்தினாலோ கிக்கரை ஓங்கி மிதித்தாலோ, மேலேறும் பிஸ்டன் நீரில் முட்டி நிற்கும். அதனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளையும். சிறு செலவில் தீர வேண்டிய பழுது, பொறியையே பிரித்துக் கோக்கும் பெருஞ்செலவாகும். ஆகவே மூழ்கிய ஊர்தியில் சாவியைத் திருப்பவே கூடாது.

முதலில் பேட்டரியின் இணைப்பை நீக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெல்ல மிதித்தால், புகுந்த நீர் அத்துளை வழியே வெளியேறும். கிக்கர் இல்லாத ஊர்தியாயின் பட்டறைக்குத் தள்ளிச் செல்வதே நன்று. அடுத்து எண்ணெயை நோக்க வேண்டும். பால் கலந்த காப்பியின் நிறம் தோன்றினால் அதில் நீர் கலந்துள்ளது; அதனை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றுதல் வேண்டும். காற்று வடிகட்டியை உலர்த்தவோ மாற்றவோ வேண்டும். பெட்ரோலைத் தெளிந்த புட்டியில் சிறிது பிடித்து வைத்தால், நீர் எடை மிகுந்ததாதலின் அடியில் தங்கித் தனியே தெரியும். இன்று பெட்ரோலில் எத்தனாலும் கலக்கப்படுகிறது. அது நீரை ஈர்க்கும். நீர் மிகின் அதனோடு சேர்ந்து பிரிந்து அடியில் நிற்கும். அத்தகைய பெட்ரோலை முழுதும் வடித்துவிடுதலே தக்கது. மின்கம்பிகளின் இணைப்புகள் யாவும் உலர்ந்த பின்னரே பேட்டரியை இணைத்துப் பொறியைக் கிளப்புதல் முறை. இதற்கு ஒரு நாளோ இரு நாளோ ஆகலாம். அப்பொறுமையே பொறியைக் காக்கும்.

இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை யாது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல். பிளக்கையும் காயிலையும் பேட்டரியையும் ஒருங்கே மாற்றியவன், ஊர்தி கிளம்பினாலும் எதனால் கிளம்பிற்று என்று அறியான். பழுதற்ற உறுப்பிற்கும் விலை கொடுத்தவன் ஆவான். உழைத்து ஈட்டுவோரின் பணத்தைக் காப்பதும் தொழிலறிவின் ஒரு கூறே என்பதை நல்ல தொழிலாளர் உணர்ந்திருப்பர்.

நோயையும் அதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் ஆய்ந்து, பின்னரே மருந்து செய்ய வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட்டு 1637 இல் வெளியிட்ட நூலில் நான்கு விதிகளை வகுத்தார். தெளிவாகப் புலப்படாத எதனையும் உண்மையெனக் கொள்ளாதே; சிக்கலைச் சிறு கூறுகளாகப் பகுத்துக்கொள்; எளியதில் தொடங்கி அரியதற்குச் செல்; எதுவும் விடுபடாதவாறு எண்ணிப் பார் என்பன அவை. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், பள்ளிகளிலே தமிழும் பிரெஞ்சும் பயிலப்பட்டன. அவ்விரு மொழியறிஞரும் கூறிய நெறியையே, கை முழுதும் எண்ணெய்க் கறை படிந்த மெக்கானிக் தெருவோரப் பட்டறையில் நாள்தோறும் செய்து காட்டுகிறார்.

கணக்கில் விடை வராதபோதும், பயிர் வாடும்போதும், உறவில் பிணக்கு நேரும்போதும் இந்நெறி பயன்படும். மாணவர்களே, பதற்றத்தை விடுத்து வினவுங்கள், எளியதிலிருந்து தொடங்குங்கள், காரணம் கண்ட பின்னரே கை வையுங்கள்.

பயிற்சி

1. பொறி இயங்குதற்கு வேண்டிய மூன்று யாவை?
2. பிளக்கின் முனை உலர்ந்திருப்பதாலும் நனைந்திருப்பதாலும் அறியப்படுவன யாவை?
3. வெள்ளத்தில் மூழ்கிய ஊர்தியை உடனே கிளப்புதல் ஏன் கூடாது? காரணத்துடன் விளக்குக.
4. உங்கள் வீட்டில் பழுதுற்ற பொருள் ஒன்றை இப்பாடத்தில் கூறிய வரிசையில் ஆராயும் முறையை ஒரு பக்க அளவில் எழுதுக.