தோல்வியை மறைக்காத மருத்துவர்

நம் தொடையெலும்பின் மேல்முனை பந்து போன்றது. அஃது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்திச் சுழல்கிறது. இம்மூட்டு தேய்ந்துவிட்டால், ஓரடி எடுத்து வைப்பதும் பெருந்துன்பமாகிவிடும்.

இத்துன்பத்தைத் தீர்க்க முனைந்தவர் ஜான் சார்ன்லி. இவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய எலும்பு மருத்துவர். துருப்பிடிக்காத எஃகினால் சிறிய பந்தும், டெஃப்லான் என்னும் நெகிழியால் கிண்ணமும் அமைத்தார். அவற்றை எலும்பில் பொருத்த, பல் மருத்துவத்தில் வழங்கிய அக்ரிலிக் சிமெண்டைக் கையாண்டார். நடக்க இயலாதோர் நடந்தனர்.

ஆயினும் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்தது. அதன் துகள்கள் மூட்டைச் சுற்றிப் புண் உண்டாக்கின. ஏறத்தாழ 300 நோயாளிகள் அக்கிண்ணத்தைப் பெற்றிருந்தனர். சார்ன்லி தம் தோல்வியை மறைக்கவில்லை. துன்புற்றோர்க்குத் தாமே மறுஅறுவை செய்தார்.

1962இல் விற்பனையாளர் ஒருவர் மருத்துவமனைப் பட்டறைக்கு வேறொரு நெகிழியைக் கொணர்ந்தார். நெசவாலை எந்திரங்களின் பற்சக்கரங்களுக்கு உதவும் பாலிஎத்திலீன் அது. சார்ன்லி அதனை நகத்தால் கீறிப் பார்த்து, ‘பயன்படாது’ என ஒதுக்கினார். அவர் வெளியூர் சென்றபோது, பட்டறைப் பணியாளர் ஹாரி கிரேவன் அதனைத் தேய்மானச் சோதனைப் பொறியில் இட்டு ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. திரும்பி வந்த சார்ன்லி தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார்.

எனினும் இம்முறை அவர் விரையவில்லை. இரு நெகிழிகளின் துகள்களையும் தம் தொடைக்குள்ளேயே வைத்துச் சோதித்தார். தம் நோயாளிகளைப் பல ஆண்டுகள் கண்காணித்த பின்னரே, பிற மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்த இசைந்தார்.

எஃகு, ஆலை நெகிழி, பல் மருத்துவரின் சிமெண்டு என எளிய பொருள்களால் ஆனது அம்மூட்டு. விலை மிகுந்த பொருள்கள் பல வந்த பின்னும், எஃகுப் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் இன்றும் பலரை நடக்கச் செய்கின்றன.

சொற்பொருள்
நெகிழி – பிளாஸ்டிக்
கொணர்ந்தார் – கொண்டுவந்தார்
இசைந்தார் – ஒப்புக்கொண்டார்

பயிற்சி
1. டெஃப்லான் கிண்ணம் ஏன் பயன்படாமற் போயிற்று?
2. பிரித்து எழுதுக: தொடையெலும்பு, பெருந்துன்பம்.
3. ‘ஒதுக்கினார்’ என்னும் சொல்லை அமைத்துச் சொந்தத் தொடர் எழுதுக.
4. கிரேவன் சோதித்துப் பார்க்காதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஐந்து வரிகளில் எழுதுக.